நீலம் வந்தவர்களின் வரிசை

திருவொற்றியூரில் நடந்த இலவச மருத்துவ முகாம்களை எல்லாம் எழுதினால் எங்கள் பத்திரிகையின் வட சென்னைப் பக்கம் முழுவதும் நிரம்பிவிடும். நிரம்பியும் இருக்கிறது, நிரப்பியவன் நான்தான். "பொதுமக்கள் ஏராளமானோர் பயனடைந்தனர்" என்ற கடைசி வரியை நான் எழுதவேண்டிய அவசியமே இருந்ததில்லை. பக்கம் கட்டுகிறவரே சேர்த்துக்கொள்வார். யார் பயனடைந்தார்கள், என்ன பயன் என்று அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மேடையில் உட்கார்ந்தவர்களைக் காட்டியிருப்பேன்.

அவற்றில் ஒரு முகாம் மட்டும் மறக்கவில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நகரத்தின் தென்கோடியில் மாதத்துக்கு ஒருமுறை ஹோட்டலில் கூடிச் சாப்பிட்டுச் சமூக சேவை செய்யும் கனவான்களின் சங்கம் ஒன்று, ஒரு தனியார் மருத்துவமனையைக் கூட்டிக்கொண்டு, குடல் புற்றுநோயைக் கண்டுபிடிக்க எங்கள் பக்கம் வந்தது. யோசனையில் குறை இல்லை. பெருங்குடலில் கட்டி வளரும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசிந்து மலத்தில் கலக்கும். மலத்தைத் துளி எடுத்து ஓர் அட்டையில் தடவி, மேலே மருந்து சொட்டு விட்டால், ரத்தம் இருக்கும் இடம் நீலமாகும். நீலம் வந்தவர்களை மேற்கொண்டு சோதித்தால், வலி வந்து ஆளைச் சாய்ப்பதற்கு முன்பே நோயைப் பிடித்துவிடலாம். இவ்வளவு எளிய சோதனையைக் கெடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும். சங்கத்தாரிடம் அது இருந்தது.

அட்டையின் முதுகில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ஓர் எச்சரிக்கை இருந்தது. சோதனைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, முள்ளங்கி, காலிபிளவர், சில வலி மாத்திரைகள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அவையும் அட்டையை நீலமாக்கக்கூடும். வீடு வீடாகக் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையில் இது இல்லை. ஏன் என்று சங்கச் செயலாளரிடம் கேட்டேன்.

"சாப்பாட்டுல கை வச்சா கூட்டம் வராது சார்" என்றார்.

அட்டைகளைத் திருப்பிக் கொடுக்கும் நாள் திங்கட்கிழமை. சிறப்பு விருந்தினருக்கு அன்றுதான் ஒழிந்தது. அப்படியென்றால் மாதிரி எடுக்கவேண்டிய நாட்களுக்குள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. எங்கள் பக்கத்து ஞாயிறு எப்படி விடியும் என்பதைச் செயலாளருக்குச் சொல்ல யாரும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை. ஆடு அறுக்கும் கடைகளின் முன்னால் பெண்கள் சின்னத் தூக்குச் சட்டிகளோடு நிற்பார்கள். கறி வாங்குவதற்கு அல்ல, ரத்தத்துக்கு. உறைந்த ரத்தத்தை வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்வார்கள். கறி வாங்க முடியாத வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பொரியல் இருக்கும். ஊரையே ரத்தம் சாப்பிட விட்டு, மறுநாள் ஊரின் மலத்தில் ரத்தம் தேட வந்தார்கள்.

என் அக்கா வீடு எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில். மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு ஃபவுண்டரியில் உலைப் பக்கம் வேலை பார்த்தார். முகாம் நடந்தது கார்த்திகை மாதத்தில். மாமா முதல் தேதியே சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், காலில் செருப்பில்லை, இரண்டு வேளை குளியல். மாலை போட்ட நாளிலிருந்து அக்காவே அவரை "சாமி" என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு மாதமும் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. அடுப்படியில் காத்திருந்து அலுத்துப்போன பூனைகூட எதிர் வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

மாமாவுக்குச் சில மாதங்களாக மூலம். மூலம் என்று அவர்தான் சொன்னார். உலைச் சூடு உடம்பில் இறங்கிவிட்டது என்று மோரும் கருணைக்கிழங்குமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார். விரதத்தில் உடம்பு இளைப்பது நல்ல அடையாளம் என்பது அவர் கட்சி.

அட்டை எல்லா வீட்டுக்கும் வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள் வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் பெரும்பாலும் வாங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார்கள். அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டேய், போறத புடிச்சாரச் சொல்றானுங்களே, கக்கூசுக்கு வெளிய பத்துப் பேரு பக்கெட்ட வச்சிகினு நிக்கிறாங்கோ. எவன் உள்ள குந்திகினு கோலம் போடுவான்?" என்றாள். அந்தக் குடியிருப்பில் அத்தனை குடும்பத்துக்கும் இரண்டே கழிப்பறைகள். துண்டறிக்கையில் பளபளப்பான மேல்நாட்டுக் கழிப்பறை ஒன்றின் படம் போட்டிருந்தார்கள்.

வழியைக் கடைசியில் நான்தான் சொன்னேன். தரையில் பழைய பத்திரிகையை விரித்து, அதிலிருந்து குச்சியால் எடுப்பது. எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பு அதற்குச் சரியான அளவு. என் எழுத்து அந்தச் சந்தில் உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு வாரம்தான்.

மாமா தயங்கியதற்கு வேறு காரணம் இருந்தது. மாலை போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யலாமா? கொருக்குப்பேட்டையில் இருந்த தன் குருசாமியிடம் போய்க் கேட்டார். குருசாமி ரயில்வே சரக்கு யார்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பல முறை மலைக்குப் போனவர் என்பதைத் தவிர வேறு எதிலும் தேர்ச்சி பெறாதவர். மாமாவோடு நானும் போயிருந்தேன்.

"கயுத்துல மாலை, கைல குச்சியா? இன்னா சாமி இது கூத்து?" என்றார் குருசாமி. பிறகு, சங்கத்தார் அன்று மதியம் சாம்பார் சாதமும் வடையும் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கொஞ்சம் இறங்கி வந்தார். "குளிக்கறதுக்கு முன்னால செஞ்சிட்டு, அப்பால தலைக்கு ஊத்திகினா தோஷம் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

திங்கட்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. மேடைக்குப் பின்னால் பந்தி பரிமாறும் கூடத்தில் மேசைகளைப் போட்டு, வெள்ளைக் கோட்டுப் பெண்கள் அட்டைகளைத் திறந்து சொட்டு மருந்து விட்டார்கள். அன்றைக்கே முடிவு சொல்லிவிட வேண்டும் என்பது சங்கத் தலைவரின் ஆசை. சிறப்பு விருந்தினர் கிளம்புவதற்குள் ஒரு வெற்றி அறிவிப்பு வேண்டும்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் அட்டை நீலம். இரண்டாவது ஒன்றும் இல்லை. அடுத்தது நீலம், அதற்கடுத்தது நீலம். ஒரு பெண் மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், காலாவதி ஆகிவிட்டதோ என்று. மேசை முழுவதும் நீலம் பரவிக்கொண்டே போனது. பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, வாசலருகே நின்ற ஒரு மீன்காரம்மாவிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

"இன்னாத்த சாப்ட்டேன், ரத்தம் பொரிச்சேன், மீன் கொயம்பு. ஏன் சாரு, வேணுமா?"

டாக்டர் சிரித்தார். தலைவரிடம் திரும்பி, "ப்ளட் சாப்பிடறாங்க சார், லிட்டரலா ப்ளட். இதெல்லாம் வேஸ்ட்" என்றார். அந்த நேரத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: நீலம் வந்த எல்லோரையும் சில நாள் கறியும் ரத்தமும் இல்லாமல் இருக்கச் சொல்லி, மறுபடி அட்டை கொடுப்பது. அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. தலைவர் முகத்தில் நிம்மதி பரவியதை நான் பார்த்தேன். அவருக்கு வேண்டிய அறிவிப்பு கிடைத்துவிட்டது.

மைக்கில் அவர் பேசியது எனக்கு ஏறக்குறைய அப்படியே நினைவிருக்கிறது. "நீலம் வந்தவர்கள் யாரும் பயப்பட வேண்டாம். அது உங்கள் ரத்தம் இல்லை, ஆட்டு ரத்தம். திருவொற்றியூரில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் இல்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்." கைதட்டினார்கள். நீலம் வந்தவர்களை இடது பக்கம் தனி வரிசையாக நிற்க வைத்து, இறைச்சியைக் குறைப்பது பற்றி ஓர் இளம்பெண்ணை விட்டு அறிவுரை சொல்ல வைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் கிள்ளிச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்த வரிசையின் நடுவில் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக மாமா நின்றார்.

வலது பக்கம் குருசாமியும் மற்ற சாமிகளும் வடைக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். மாமா அந்தப் பெண்ணிடம், "நான் மாலை போட்டுக்கினு கீறம்மா. கறி தொட்டு ரொம்ப நாளாச்சு" என்றார்.

"பரவாயில்ல சாமி. இனிமே சாப்பிடாதீங்க. ஐயப்பன் மன்னிச்சிடுவாரு" என்றாள் அவள். நல்ல பெண்தான். கையில் கொடுத்ததைச் சொன்னாள்.

நான் டாக்டரிடம் போனேன். இவர் விரதத்தில் இருப்பவர், வீட்டிலேயே இறைச்சி சமைக்கவில்லை, முள்ளங்கிகூட இல்லை, இவர் அட்டையில் வந்திருப்பது இவருடைய ரத்தமாகத்தான் இருக்க முடியும், இவரையாவது சோதிக்க வேண்டாமா என்று கேட்டேன். டாக்டர் என் சட்டையில் குத்தியிருந்த பத்திரிகையாளர் பேட்ஜைப் பார்த்துவிட்டு, தோளில் கை போட்டுக்கொண்டார். "வெளியில எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இந்த ஏரியாவப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு அந்த ஏரியாவைப் பற்றித் தெரியும். அவருக்கு அதன் மண்டபம் மட்டும் தெரியும்.

அன்று மாலைக்குள் செய்தி கொருக்குப்பேட்டைவரை போய்விட்டது. ஊருக்குப் புரிந்த விதத்தில் அந்த அட்டைக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லை. ரத்தம் தின்றவனைக் காட்டிக்கொடுக்கும் அட்டை அது; நீலம் வந்தால் தின்றவன், வராவிட்டால் தின்னாதவன். தலைவரே மைக்கில் சொல்லிவிட்டாரே. சந்து முனை டீக்கடையில் ஒருவன், "இன்னா சாமி, வடையா, இல்ல ஒரு பிளேட்டு பொரியல் சொல்லட்டா?" என்று கேட்டான். மாமா டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

குருசாமி ஆளனுப்பவில்லை, தானே வந்தார். வீட்டு வாசலில் நின்றபடி சொன்னார்: "சாமி, தப்பா எடுத்துக்காதீங்கோ. இந்த வருசம் உங்களுக்கு இருமுடி கட்ட மாட்டேன். நாலு பேரு கேப்பாங்கோ."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "வூட்ல கருவாட்டு வாசன கூட இல்ல. எங்க வூட்டுப் பூனைய கேளு, அது சொல்லும்."

"வூட்ல துன்னலம்மா. வேலைக்குப் போற எடத்துல இன்னா துன்னாரோ?"

குருசாமி போகிற வழியில் என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நீங்க பேப்பர்ல கீறீங்கோ. அந்த அட்டை கொஞ்சம் வாங்கித் தர முடியுமா? நம்ம குரூப்ல எவன் எவன் திருட்டுத்தனமா துன்றான்னு பாத்துடலாம்."

உயிர் காக்கச் செய்த ஒரு கருவி, ஒரே நாளில், ஆன்மிகக் காவல் நிலையத்தின் சாமானாகிவிட்டது. இதற்கு நான் குருசாமியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மைக்கில் கேட்டதை நம்பினார்.

அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்று மாமாவிடம் நான் சொன்னபோது, நோய் இருக்கலாம் என்ற பேச்சை அவர் காதிலேயே வாங்கவில்லை. பெரிய டாக்டரே நோய் இல்லை என்று சொன்ன பிறகு எதற்கு என்றார். அந்த டாக்டர் கறி தின்றாய் என்றும் சொன்னாரே, அது உண்மையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் துன்னலன்னு அங்க எழுதித் தருவாங்களா மச்சான்?"

"சோதிச்சா தெரிஞ்சிடும்."

"அப்போ வர்றேன்."

உயிருக்காக அவர் வரவில்லை, மானத்துக்காக வந்தார். அது வீண்பிடிவாதம்தான். ஆனால் அன்றைக்கு அவர் பக்கத்தில் இருந்த ஒரே மருத்துவ உதவி அந்த வீண்பிடிவாதம்தான்.

அரசு மருத்துவமனையில் எங்களைப் பார்த்த டாக்டர் ஓர் அம்மா. வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. அவருக்குச் சிரிக்க நேரம் இல்லை. மாமா தன் வழக்கை முழுவதும் சொன்னார்: மாலை, நீலம், வரிசை, இருமுடி. அந்த அம்மா எழுதுவதை நிறுத்தவில்லை.

"விரதம் இருந்தீங்கன்னு நான் சர்டிபிகேட் தர முடியாது. ரத்தம் கண்ணால பாத்திருக்கீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். "எப்பனா. அது மூலம் டாக்டரம்மா. உலைச் சூடு."

"எவ்வளவு நாளா?"

"ஆடிலேர்ந்து."

அப்போதுதான் அவர் பேனாவை வைத்தார். மாமாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நாள் குறித்துக் கொடுத்தார். வெளியே வரும்போது என்னிடம் மட்டும், "நீலம் வந்தவங்கள அப்படியே வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா? எல்லாரையுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

குழாய் சோதனை முடிந்த அன்று, பெருங்குடலின் இடது பக்கம் ஒரு கட்டி இருப்பதாகவும், அதில் துளிச் சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், எப்படியும் அறுவை செய்தாக வேண்டும் என்றும் சொன்னார்கள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாமா நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ அந்த ரத்தம் என்னுதுதானே டாக்டரம்மா?"

"உங்களுதுதான்."

"ஆட்டுது இல்லியே?"

"இல்ல."

"இத கொஞ்சம் எங்க குருசாமிகிட்ட சொல்றீங்களா?"

அக்கா அழுதுகொண்டே அவர் தொடையில் ஓர் அடி வைத்தாள். "சாவப் போற நேரத்துல குருசாமியாம்."

நான் இரண்டு வேலைகள் செய்தேன். முதலாவது, நடந்ததை எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன்: அன்று நீலம் வந்தவர்களில் ஒருவருக்குக் கட்டி இருக்கிறது, மற்றவர்களை யாரும் திருப்பிக் கூப்பிடவில்லை. அது வரவில்லை. அந்த இடத்தில் சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றும் படம் வந்தது, முகாம் முடிந்து அவ்வளவு நாளைக்குப் பிறகும். மருத்துவமனை விளம்பரம் அதே பக்கத்தில் கீழே இருந்தது. இரண்டாவது, சங்கச் செயலாளருக்குப் போன் செய்து, எல்லோருக்கும் மறுபடி அட்டை கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"அந்த ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சு சார்" என்றார். "அடுத்த வருஷம் கண் முகாம். கண்ணுல சாப்பாட்டுப் பிரச்சினை வராது."

அக்கா நான் சொன்னதைக் கேட்டுத் தன் சந்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள். பலர், எங்களுக்கு நீலம் வந்தது ரத்தப் பொரியலால்தான் என்று சிரித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். யாருக்கு உண்மை இல்லை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் அந்த முகாமே.

அறுவைக்கு முன் மாலையைக் கழற்ற வேண்டும் என்றார் நர்ஸ். மாமா மறுத்தார். நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்து வந்தபோது கழுத்தைக் கையால் மூடிக்கொண்டார். "போட்டவருதான் கயட்டணும்" என்றார். மலைக்குப் போகாமல் மாலை கழற்றுவதே குறை. அதையும் கண்டவர் கத்தரித்தால் விரதம் முறிந்தவன் என்றே ஊர் பேசும். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கொருக்குப்பேட்டைக்குப் போனேன்.

குருசாமி ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வார்டில் மாமாவின் கட்டிலருகே நின்று, மெதுவாகச் சரணம் சொல்லி, மாலையைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்தார்.

"கட்டு கட்ட மாட்டேன்னீங்களே சாமி" என்றார் மாமா.

"கட்றேன் சாமி. வர்ற வருசம் மொதக் கட்டு உங்களுதுதான்."

"எனக்கு மட்டும் சொன்னா? டீக்கடைல சொல்லணும்."

"சொல்றேன்."

"மைக்கு வச்சி சொல்லணும்" என்றார் மாமா. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். மாமாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் பிழைத்தார், அடுத்த வருடம் மலை ஏறினார், இன்றைக்கும் யாராவது ஊரில் முகாம் என்று சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

அன்று அறுவைக் கூடத்து வாசல் பெஞ்சில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குருசாமி என் பக்கத்தில், மடியில் துணியோடு. நேரம் போனது. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"தம்பி, அந்த அட்டை கெடைக்கலியா?"

"யாரச் சோதிக்கறதுக்கு?" என்றேன். என் குரலில் ஏளனம் இருந்தது.

"எனக்குத்தான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் துணியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நாளா ரத்தம் போகுது?"

"மாலை போடறதுக்கு முன்னாலேர்ந்து. மூலம்னு நெனச்சிகினு இருந்தேன்."

முகாமில் அவருக்கும் அட்டை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை, வடைக்கு அட்டை தேவைப்படவில்லை. வெளி நோயாளிச் சீட்டு கொடுக்கும் ஜன்னலை மதியத்துக்கு முன் மூடிவிடுவார்கள். துணியை அக்காவிடம் கொடுத்துவிட்டு அவர் எழுந்தார். நான் முன்னால் நடந்து வழி காட்டினேன்.